பதினாறுக்கு மேலே

யாரும் பொத்தானை அழுத்தவில்லை. ஆனாலும் லிஃப்ட் இறங்கி வந்து, கதவைத் திறந்துகொண்டு நின்றது.

அந்த ஹோட்டலின் முன்கூடத்தில் அப்போது மொத்தமே நாலு பேர். மேசைக்கு அந்தப் பக்கம் வரவேற்புப் பெண். இந்தப் பக்கம் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி. பளபளக்கும் தரையில் தன் முகத்தைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்த ஏழு வயது மகள். அப்புறம் அவன். மதியம் இரண்டு மணி, எங்கிருந்தோ கசியும் மெல்லிய இசை, பூச்சாடியிலிருந்து வரும் அல்லி வாசனை, கால் புதையும் கம்பளம் என்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. லிஃப்டுக்குள்ளே மஞ்சள் வெளிச்சம், ஆளுயரக் கண்ணாடி, பித்தளைக் கைப்பிடி. ஆள் இல்லை. ஐந்து நொடியில் மூடிக்கொள்ள வேண்டிய கதவு அது. அவன் மனத்துக்குள் எண்ணினான். ஐந்து போய் இருபது ஆயிற்று. மூடவில்லை. ஓடி வருகிற தெரிந்தவருக்காகக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் பாருங்கள், அப்படி நின்றுகொண்டிருந்தது.

“ஐ, நமக்காக வந்துடுச்சு!” என்று மகள் ஓடினாள்.

“வாலு, நில்லு!”

அவன் போட்ட சத்தத்தில் வரவேற்புப் பெண்ணின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு நல்ல பெயர் உண்டு. வீட்டில் வாலு என்றால்தான் திரும்பியே பார்ப்பாள்.

“எதுக்குங்க இப்படிக் கத்தறீங்க? மானம் போகுது,” என்றாள் மனைவி. “நமக்குப் பன்னிரண்டாவது மாடி. இங்கேயாவது லிஃப்ட்ல வருவீங்களா, இல்ல வழக்கம்போல படிதானா?”

“படிதான். உடம்புக்கு நல்லது.”

“நல்லதுதான். நீங்க மேல வந்து சேர்றதுக்குள்ள நம்ம ரெண்டு நாளும் முடிஞ்சிடும்.”

கிண்டல் செய்தாளே தவிர, போகிற போக்கில் அவன் முழங்கையை ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் போனாள். ஏனென்றால் அவன் ஏன் லிஃப்டில் ஏறுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் லிஃப்ட் மெக்கானிக். அவளுடைய அண்ணனும் அவனும் ஒரே ஜோடி; புதுக் கட்டடங்களில் லிஃப்ட் பொருத்துவது வேலை. அப்படி ஒரு வேலையில் அண்ணன் போய்ச் சேர்ந்தார். அதோடு அவன் அந்தத் தொழிலையே தலைமுழுகிவிட்டு மிக்சி, மின்விசிறி பழுது பார்க்கும் கடை வைத்துக்கொண்டான். இப்போது இங்கே வந்ததும் அவனுடைய யோசனை இல்லை. சலவை இயந்திரக் கம்பெனியில் காலை முதல் மாலை வரை தொலைபேசியில் ஊரார் திட்டுகளை வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் அவள். இந்த வருஷம் அதிகமாகத் திட்டு வாங்கியும் ஒரு தடவைகூடத் திருப்பித் திட்டாதவள் என்று பரிசு கொடுத்திருந்தார்கள். பெரிய ஹோட்டலில் குடும்பத்தோடு இரண்டு நாள் ஓய்வு.

விருந்தினர் யாரும் படியில் ஏறுவதில்லை என்பது படியைப் பார்த்தாலே தெரிந்தது. முன்கூடத்தின் பகட்டெல்லாம் அந்தக் கதவோடு சரி. உள்ளே வெறும் வெள்ளையடித்த சுவர், இரும்புக் கைப்பிடி, மாடிக்கு ஒரு குழல்விளக்கு, ஒருநாளும் வெயில் படாத சிமெண்டின் ஈர வாசனை. சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்ட். கம்பிக் கயிறு இழுபடுகிற மெல்லிய முனகல் அவன் கூடவே மேலே வந்தது. மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றான். முனகலும் நின்றது. ஏறினான். அதுவும் ஏறியது. யாரோ அந்தந்த மாடியில் இறங்குகிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று தனக்குத் தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு ஆறு, ஏழு, எட்டு என்று ஏறினான்.

எட்டாவது மாடிக்கு மேலே, திருப்பத்திலிருந்து நாலாவது படியில், அவன் வலது கால் கொஞ்சம் கூடுதலாக உயர்ந்தது.

அவன் குனிந்து பார்த்தான். அந்தப் படி மற்றப் படிகளைவிட இரண்டு விரற்கடை உயரம். தெரியாத ஆள் கட்டாயம் இடறி விழுந்திருப்பான். அவன் விழவில்லை. அவன் பார்ப்பதற்கு முன்னாலேயே காலுக்குத் தெரிந்திருந்தது.

குனிந்தபடியே அந்தப் படியின் விளிம்பைத் தடவிப் பார்த்தான்.

கொத்தனார் அளவு தவறிக் கட்டிய படி இது. கையில் சாமானைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதெல்லாம் மச்சான் இடறுவார், உடனே கொத்தனாரின் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டு வைவார், அவன் சிரிப்பான். அப்போது இந்தக் கட்டடம் பூச்சுகூட இல்லாமல், ஒரு பின்தெருவைப் பார்த்து நின்ற சாம்பல்நிற எலும்புக்கூடு. பிறகு வேலை நின்றுபோய், கைமாறி, வேறு தெருவைப் பார்த்துக் கண்ணாடி முகப்பு வைத்து, புதுப் பெயரும் வைத்துவிட்டார்கள். பெயரைப் பார்த்து ஏமாந்துவிட்டான். மனைவி இந்தப் பக்கம் வந்ததே கிடையாது. அவள் தன் அண்ணனைக் கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரியில், துணி போர்த்திய பிறகு.

மீதிப் படிகளை எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது.

அறைக்குள் நுழைந்தபோது வாலு அந்தப் பெரிய கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள். மனைவி ஹோட்டல் கொடுத்த பஞ்சு போன்ற வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, ஜன்னலோர சோபாவில் காலை நீட்டி, கண்ணை மூடியிருந்தாள். அவள் முகம் இவ்வளவு இளகி அவன் பார்த்து வருஷக்கணக்காகிறது.

“அப்பா, லிஃப்ட்ல ஒரு மாமா இருக்காரு.”

“லிஃப்ட் ஓட்டறவரா?”

“இல்லப்பா. உள்ள யாருமே இல்ல. மேல இருந்து பேசுறாரு.” அவள் விரலால் கூரையைக் காட்டினாள். “என் பேரு கேட்டாரு. வாலுன்னு சொன்னேன், சிரிச்சாரு. அப்பா ஏன் படியில வர்றாருன்னு கேட்டாரு.”

“ஸ்பீக்கர் வச்சிருப்பாங்கடி,” என்றாள் மனைவி கண்ணைத் திறக்காமலே. “குழந்தைங்களை மகிழ்விக்கறாங்களாம். எனக்கு ஒண்ணும் கேக்கலை. நான் கண்ணாடியில என் நரைமுடியைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். மெத்தை அவனை உள்ளே வாங்கிக்கொண்டது. தலைமாட்டுச் சுவரில் மூங்கில் காடு ஒன்றின் பெரிய படம். அதன் பின்னால் ஒரு செங்கல் கனத்துக்கு அப்பால் ஷாஃப்ட் என்று அவனுக்குத் தெரியும். ஏசியின் ஒரே சீரான இரைச்சல், குளியலறையில் எங்கோ சொட்டும் தண்ணீர், தாழ்வாரத்தில் தள்ளுவண்டியின் சக்கரம், தூரத்தில் தெருவின் மந்தமான ஓசை. இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுக் காதைக் கொடுத்தால், இவற்றுக்கெல்லாம் அடியில், சுவருக்குள்ளிருந்து, இரும்பின்மேல் இரும்பு படுகிற சத்தம். இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு தட்டு.

மச்சான் ஸ்பேனரால் அப்படித்தான் லிஃப்ட் ஓடுகிற தண்டவாளத்தைத் தட்டுவார். ‘நான் இங்கேதான் இருக்கேன், நல்லா இருக்கேன்’ என்று அவனுக்குச் சொல்வதற்கு.

“நாம கிளம்பிடலாமா?” என்றான்.

மனைவி கண்ணைத் திறந்தாள். “எங்க?”

“வீட்டுக்கு. இல்ல வேற எங்கேயாவது. எனக்கு இந்த இடம் பிடிக்கலை.”

“வந்து அரைமணி நேரம் ஆகலை. மெத்தை குத்துதா? ஏசி கடிக்குதா? என்ன காரணம், சொல்லுங்க. நியாயமா இருந்தா இப்பவே பெட்டியைக் கட்டறேன்.”

காரணம் நாக்கின் நுனியில்தான் இருந்தது. சொல்ல முடியாது என்பதுதான் விஷயம். இது அந்தக் கட்டடம் என்று சொன்னால், அன்றைக்கு என்ன நடந்தது என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் எட்டு வருஷமாக அவன் படியேறி முட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

நடந்தது இவ்வளவுதான். மச்சான் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று வேலை பார்த்தார். அவன் மொட்டைமாடியில் எந்திர அறையில், சுவிட்ச் பக்கத்தில். அவர்கள் இருவருக்கும் ஒரு முறை உண்டு. வேலை முடிந்ததும் மேலே நிற்பவர் பெட்டியை விட்டு மாடிக்கு வெளியேறிவிட வேண்டும். எந்திர அறையில் இருப்பவன், கயிறு போகிற துவாரத்தில் வாயை வைத்து, “விடவா?” என்று கேட்க வேண்டும். “விடு” என்று பதில் வந்தால்தான் கை சுவிட்சுக்குப் போகலாம். வராவிட்டால் மூன்று தடவை வரை கேட்பது, பிறகு இறங்கிப்போய்க் கண்ணால் பார்ப்பது. இருட்டும்வரை ஆனாலும் சரி, பதில் இல்லாமல் பெட்டி நகரக் கூடாது. அன்றைக்கு ஐந்து மணிக்கு மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வாலு அப்போது வயிற்றில் நாலு மாசம். ஒரே ஒரு தடவை “விடவா?” என்று கேட்டான். கீழே எங்கோ ஏதோ ஒரு சத்தம். அது பதில்தான் என்று வைத்துக்கொண்டான். சுவிட்சைப் போட்டுவிட்டான். பதினாறாவது மாடிக்கு மேலே, பெட்டியின் தலைக்கும் கூரை உத்தரத்துக்கும் நடுவில் ஒன்றரை அடிதான் இடம்.

விசாரணையில், “கேட்டேன் சார், விடுன்னு சொன்னார்” என்றான். சொன்னவர் எதையோ மறந்து மறுபடி உள்ளே போயிருக்கிறார், தன் கவனக்குறைவால் இறந்தார் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்தக் குடும்பமே, ‘அவருக்கு எப்பவும் அவசரம்தான்’ என்று செத்தவரைத் திட்டித் திட்டி அழுதது. அவனைக் கட்டிக்கொண்டும் அழுதது. அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் அவன் வீடும் வாசலும் பெண்டாட்டியும் பிள்ளையும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஒண்ணுமில்ல. தலைவலி,” என்றான்.

“தூங்குங்க. சரியாப்போயிடும்.” அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு தானாகவே சொன்னாள். “அண்ணன் இருந்திருந்தா இந்த மெத்தையில முதல்ல அவர்தான் குதிச்சிருப்பார், இவளுக்கும் முன்னாடி. என்னங்க, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது. அன்னைக்கு அண்ணன் நிஜமாவே விடுன்னு சொன்னாரா? உங்களுக்கு நல்லாக் கேட்டுச்சா?”

சுவருக்குள் இரண்டு தட்டு. இடைவெளி. அடுத்த தட்டு வரவில்லை. மூங்கில் காட்டுக்குப் பின்னால் யாரோ காதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவனுக்குத் திட்டவட்டமாகத் தோன்றியது.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லியிருக்கலாம்.

“சொன்னார்,” என்றான். “நல்லாக் கேட்டுச்சு.”

அவள் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவருக்குள் கப்சிப்பென்று ஆகிவிட்டது.

ஆறு மணிக்கு வாலு நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு, காற்றடைத்த மிதவை வளையத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவருகே நின்று குதித்தாள். நீச்சல்குளம் மூன்றாவது மாடியில். அவன் அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். மகளை லிஃப்ட் பக்கமே விடக் கூடாது. நாளை மறுநாள் காலைவரை காபந்து பண்ணிவிட்டால் போதும். அதற்கப்புறம் இந்தத் தெருவிலேயே கால் வைப்பதில்லை.

“இவ என்கூட படியில வரட்டும்,” என்றான்.

“போங்கப்பா, கால் வலிக்கும்!”

“வந்தா ஐஸ்க்ரீம்.”

“ரெண்டு.”

“ரெண்டு. வா.”

மனைவி துண்டுகளை மடித்துக்கொண்டே, “ஒன்பது மாடிக்கு ரெண்டு ஐஸ்க்ரீமா? நானா இருந்தா நாலு கேட்டிருப்பேன்,” என்று சிரித்தாள். அவன் குனிந்து செருப்பின் வாரை மாட்டினான். ஒரு வார்தான். நிமிர்ந்தால் வாலு வாசலில் இல்லை.

தாழ்வாரத்தில் சற்றுத் தள்ளி லிஃப்ட் திறந்து நின்றது. மஞ்சள் வெளிச்சம். உள்ளே அவள் நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. கழுத்தை நன்றாகப் பின்னால் சாய்த்து, பெட்டியின் கூரையைப் பார்த்து, “ம்… ம்… சரி” என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஓடினான். கம்பளம் காலடிச் சத்தத்தையெல்லாம் விழுங்கியது. கதவு அவசரப்படாமல், அவன் கை எட்டுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது, மூடிக்கொண்டது.

கதவுக்கு மேலிருந்த எண் மூன்றை நோக்கி இறங்கவில்லை. பதின்மூன்று ஆயிற்று. பதினாலு. அங்கேயே நின்று மின்னிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே களேபரம். மனைவியின் அலறல். தொலைபேசி. கசங்கிய நீலச் சட்டையில் ஹோட்டலின் எலக்ட்ரீஷியன் கருவிப் பையோடு ஓடிவந்தார். பதினாலாவது மாடியில் மூடிய கதவுக்கு முன்னால் மூன்று பேரும் நின்றார்கள். கதவுக்குப் பின்னால், காலடிக்குச் சற்றுக் கீழேயிருந்து, வாலுவின் குரல். அழவில்லை. பேசிக்கொண்டிருந்தாள். நடுநடுவே சிரித்தாள்.

“பாப்பா பயப்படலை, அதுவே பெரிய விஷயம்மா,” என்றார் எலக்ட்ரீஷியன். “லிஃப்ட் கம்பெனிக்குச் சொல்லிட்டோம். வர ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். அதுவரைக்கும் நாம தொடக் கூடாது.”

“யார்கிட்ட பேசுறா?” என்றாள் மனைவி. “உள்ள வேற யாருங்க?”

உலகத்தில் வேறு எந்த அப்பனாக இருந்தாலும் அங்கேயே நின்று ஒன்றரை மணி நேரம் கதவைத் தட்டி அழுதிருப்பான். அவன் கைக்கு வேலை தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

“கதவு திறக்கிற முக்கோணச் சாவி உங்ககிட்ட இருக்கா? எந்திர அறைச் சாவி?”

“சார், அதெல்லாம்…”

“நான் பத்து வருஷம் இந்த வேலை பார்த்தவன். இந்த லிஃப்டை மாட்டினதே நான்தான். குடுங்க.”

சொன்ன பிறகுதான் தெரிந்தது, மனைவி பக்கத்தில் நிற்கிறாள் என்று. அவள் வாய் லேசாகத் திறந்தது. இந்த லிஃப்டை. அவள் அவனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மூடிய கதவைப் பார்த்தாள். அவன் நிற்கவில்லை, சாவியை வாங்கிக்கொண்டு எலக்ட்ரீஷியனோடு மொட்டைமாடிக்கு ஓடினான்.

எந்திர அறையில் எண்ணெயும் தூசியும் சூடேறிய ரப்பரும் கலந்த அந்தப் பழைய வாசனை. எட்டு வருஷத்தில் துளிகூட மாறவில்லை. அவன் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினான். மகளுக்காக, அன்றைக்குச் செய்யாததையெல்லாம் சேர்த்துவைத்துச் செய்தான். சுவிட்சின்மேல் பூட்டைப் போட்டான். இழுத்துப் பார்த்தான். சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பையின் பொத்தானையும் மாட்டினான். எலக்ட்ரீஷியனை அறையை விட்டு வெளியே அழைத்துவந்து அந்தக் கதவையும் பூட்டினான். இனி இந்தப் பெட்டி ஓர் அங்குலம் நகர வேண்டுமானால் அவன் சட்டையைக் கிழித்தாக வேண்டும்.

பதினாலாவது மாடிக் கதவை முக்கோணச் சாவியால் திறந்தபோது குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. பெட்டியின் தலை அவன் நிற்கிற தரைக்கு முழங்காலளவு கீழே. கிரீஸ் படிந்த தகடு, உருளைகள், மேலே இருட்டுக்குள் போகிற கயிறுகள். தகட்டின் நடுவில் ஆள் இறங்குகிற சின்னக் கதவு, வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. அதைத் திறந்து பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டியதுதான். இரண்டு நிமிஷ வேலை.

“பார்த்துங்க,” என்றாள் மனைவி. அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. “சீக்கிரம் தூக்கிக் குடுங்க. அப்புறம் நாம பேசணும்.”

“பேசலாம்,” என்றான். பேசிவிடத்தான் வேண்டும் என்று அந்த நொடியில் முடிவும் செய்தான். பிள்ளை கைக்கு வரட்டும்.

இறங்கினான். தகடு லேசாக அதிர்ந்தது. சிவப்பு நிறுத்தப் பொத்தானை அமுக்கினான். அதுவும் ஒரு பாதுகாப்பு. பின்னால், எலக்ட்ரீஷியன் பிடித்திருந்த மாடிக் கதவு அவர் கையிலிருந்து நழுவி, சுருள்கம்பி இழுத்து, டப்பென்று மூடிக்கொண்டது.

இருட்டு.

“சார்! சார்! ஒரு நிமிஷம், திறக்கறேன்!” சாவி உரசுகிற சத்தம். “சிக்கிக்கிச்சு சார்!”

அவன் செல்போன் விளக்கைப் போட்டான். மண்டியிட்டான். தாழை நீக்கினான். சின்னக் கதவைத் தூக்கினான். கீழே மங்கலான அவசர விளக்கில் வாலு நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் மிதவை வளையத்தோடு.

“கண்ணு, கையை நீட்டு. அப்பா தூக்கறேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவனை இல்லை. அவனுக்குப் பின்னால். அவன் தலைக்கு மேலே, ரொம்ப மேலே.

“மாமா,” என்றாள் சந்தோஷமாக. “அப்பா வந்துட்டாரு.”

அவன் கை அந்தரத்தில் நின்றது.

சத்தம் எதுவும் இல்லை. ஏசி இல்லை. தெரு இல்லை. கதவில் சாவி உரசுவதும் நின்றுவிட்டது. தன் மூச்சு மட்டும். அப்புறம் மேலே. கயிறு போகிற துவாரத்தில் வாயை வைத்துப் பேசுகிற குரல். சுவரில் பட்டுப் பட்டு இறங்கியது. நிதானமான குரல். கோபமே இல்லை.

“விடவா, மாப்ள?”

அவன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். செல்போன் தகட்டில் குப்புற விழுந்தது. வெளிச்சம் மேல்நோக்கி. பதில் இல்லாமல் நகராது. அதுதான் முறை. மச்சான் முறை தவறாத மனிதர். பேசாதே. மூச்சுகூட விடாதே.

“என்னங்க?” கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி. “யாருங்க அது? எங்க அண்ணன் குரல் மாதிரி… என்னங்க!”

“விடவா?”

இரண்டு. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து விரலிடுக்கில் இறங்கியது. மன்னிச்சிடுங்க மச்சான். மன்னிச்சிடுங்க. வாயைத் திறக்காமலே கத்தினான். இன்னும் ஒரு தடவைதான். பதில் வராவிட்டால் மூன்றாவது தடவையோடு அவர் இறங்கி வந்து கண்ணால் பார்க்க வேண்டும். வரட்டும். காலில் விழுந்துவிடலாம்.

“விடவா?”

மூன்று.

அவன் வாயைத் திறக்கவில்லை.

“அப்பா, மாமா கேக்கறாருல்ல? பதில் சொல்லுங்க.” கீழேயிருந்து வாலு. அவன் குனிந்து தலையை வேகமாக ஆட்டினான். வேண்டாம். வேண்டாம். விரலை உதட்டில் வைத்தான். அவள் சலித்துக்கொண்டாள். “அப்பா சொல்ல மாட்டேங்கறாரு, மாமா. பரவாயில்ல, நீங்க சொல்லிக் குடுத்தீங்கல்ல? நானே சொல்றேன்.”

“வாலு…”

“விடு!”

தகடு ஒரு குலுக்குக் குலுங்கியது. பூட்டிய சுவிட்சின் சாவி அவன் பையில். சிவப்புப் பொத்தான் அமுங்கியபடி இருந்தது. கயிறு முனகியது. பெட்டி ஏறியது. மெதுவாக. அன்றைக்கு ஏறிய அதே வேகத்தில்.

“ஐயையோ, போகுது! என்னங்க!”

“அவர் சொல்லலை!” அவன் கதவைப் பார்த்துக் கத்தினான். “உங்கண்ணன் விடுன்னு சொல்லவே இல்ல! நான்தான்! நான்தான் போட்டேன்!” கத்தி முடித்தபோது அவனுக்கு எதிரே இருந்தது பதினைந்தாவது மாடியின் கதவு. அதற்குப் பின்னால் யாருமில்லை.

கீழே வாலு கைதட்டினாள். “மேல போறோம், மேல போறோம்!” அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் அவள் பார்க்கக் கூடாத ஒன்று அந்தத் திறப்பு வழியே தெரியும். அவளுக்கு ஒன்றும் ஆகாது. பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அது மட்டும் அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

“கண்ணு. கீழ பாரு. கண்ணை மூடிக்கிட்டு நூறு எண்ணு. அப்பா சொல்ற வரைக்கும் திறக்காத.”

“ஒண்ணு… ரெண்டு…”

சின்னக் கதவைச் சாத்தினான். தாழைப் போட்டான். அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். பதினாறு என்று சுவரில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. அவனுடைய கையெழுத்துதான். அது கடந்து போயிற்று.

தலையைத் திருப்பி மேலே பார்த்தான்.

செல்போன் வெளிச்சத்தில் கூரை உத்தரம் தெரிந்தது. அதற்கு அடியில், ஒன்றரை அடி இடத்தில், ஒருக்களித்து ஒட்டிப் படுத்திருந்தார் மச்சான். இறங்கி வருகிற முகத்தில் அடையாளம் காண அதிகம் மிச்சமில்லை. ஆனாலும் அவனைப் பார்த்ததும், ரயிலில் தாமதமாக வந்து ஏறுகிறவனுக்குப் படுக்கையில் இடம் கொடுப்பதுபோல, அவர் கையை மடக்கி, காலை மடக்கி, சுவரோரமாகக் கொஞ்சம் நகர்ந்து படுத்தார்.